‘நன்று’ சொன்னால் ஒழுகும்

எங்கள் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று ஆப்பீசுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் தேய்ந்தது. பழைய துரை, பார்க்கலாம் என்றார். பிறகு சீமைக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர், முதலில் தேயிலைப் பக்டரிக் கூரையைப் பார்க்க வேண்டும், தேயிலை நனைந்தால் விலை போகாது என்றார். நாங்கள் நனைந்தால் என்று கேட்க வாயைத் திறந்தேன். கணக்கப்பிள்ளை செல்லசாமி என் காலை மிதித்துவிட்டார். இப்போது இருக்கிற துரை ஒன்றுமே சொல்லவில்லை. நாயைக் கூப்பிட்டுக்கொண்டு பங்களாவுக்குப் போய்விட்டார். மூன்று பேரில் இவரைத்தான் எனக்குப் பிடித்தது. பொய் சொல்லவில்லை பாருங்கள்.

பொகவந்தலாவை பசாரைத் தாண்டி மேலே ஏறினால், பஸ் திரும்புகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊசிமலைத் தோட்டம். அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்றான என் காம்பராவுக்குப் புதுக்கூரை வந்தது சினிமாவால் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் நம்பவில்லை. தகரத்தைத் தட்டிப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அது ஆனி மாதம். மழை ஊசி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. என் மகள் சண்முகவடிவுக்கு ஆண் பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம். பிள்ளைக்கு நெஞ்சிலே சளி. மூச்சு விட்டால் தரையில் சாக்கை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். பிள்ளையை ஈரத்தில் கிடத்தாதே, இதற்கு வேறு மருந்து இல்லை என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் காம்பராவில் ஈரமில்லாத இடம் என்றால் அடுப்புதான். அதற்கு மேலேயும் ஒரு சொட்டு விழும். சண்முகவடிவு பிள்ளையை மடியில் வைத்து, தலைக்கு மேலே கம்பளியைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்குவாள். கம்பளி நனைந்தால் நான் பிழிந்து கொடுப்பேன். மருமகன் வீரய்யா நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மின்சார வேலைக்குக் கல் சுமக்கப் போயிருந்தான். அங்கிருந்து கரண்டு கொழும்புக்குப் போகிறதாம். எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குத்தான்.

இந்த நேரத்தில்தான் அரசாங்கத்தின் தோட்ட நலன்புரிப் படச் சபை என்று ஒன்று ஒரு லொறியிலும் ஒரு காரிலும் வந்து இறங்கியது. காரிலிருந்து கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி கட்டிய ஓர் ஐயா இறங்கினார். பெயர் பேரின்பநாயகம். யாழ்ப்பாணத்தவர். சீமைக்குப் போய்ப் படம் எடுக்கப் படித்தவராம். டைரக்டர் என்று செல்லசாமி சொன்னதும் அவருக்கு முகம் சுளித்தது. சபையின் தமிழ்ப் படங்களில் ஆங்கிலச் சொல் எதுவும் வரக்கூடாதாம். அவரை நெறியாளர் என்றுதான் சொல்ல வேண்டுமாம். பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணுக்கு அது வாயில் நுழையவில்லை. அவள் கடைசிவரை நரியாளு ஐயா என்றே கூப்பிட்டாள். அவரும் அதைத் திருத்தித் திருத்தி ஓய்ந்துபோனார்.

காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எங்களை எல்லாம் நிறுத்தி வைத்து அவர் ஒரு பிரசங்கம் செய்தார்.

“நாங்கள் உங்கட உண்மையான வாழ்க்கையைப் படம் எடுக்க வந்திருக்கிறம். ஒரு பொய்யும் இருக்கக் கூடாது. ஆனபடியால் எல்லாரும் குளிச்சு, கிழியாத உடுப்பு உடுத்துக்கொண்டு வர வேணும். கிழியாத உடுப்பு இல்லாதவைக்குச் சபை குடுக்கும். படம் முடிய அதைத் திருப்பிக் குடுக்க வேணும். இருமல் உள்ளவை தூரத்தில நிக்கலாம். மலையில நிண்டால் அழகாய்த்தான் தெரியும்.”

படத்தின் பெயர் ‘சிரிக்கும் மலை’. ஒரு கிழவன், அவன் மகள், மகளின் குழந்தை. மூன்று பேரும் ஒழுகாத புது வீட்டில் குடியேறுகிறார்கள். கிழவன் கூரையை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறான். “இனி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை” என்கிறான். அவ்வளவுதான் கதை. கிழவனைத் தேடி லயம் லயமாக நடந்தவர் என் காம்பரா வாசலில் நின்றார். பின்னால் மலை நன்றாக விழுகிறது என்றார். பிறகு இரண்டு கைவிரல்களாலும் சட்டம் கட்டி என் முகத்தைப் பார்த்தார்.

“இந்த முகத்தில எத்தனை வருஷத்துத் துன்பம்,” என்றார், பழம் கிடைத்த மாதிரி. “அதை எடுத்துப்போட்டுச் சந்தோஷத்தை வைச்சால் போதும்.”

எடுத்த துன்பத்தை எங்கே போடுவார் என்று அவர் சொல்லவில்லை.

அன்றைக்கே சபையின் தச்சன் பியதாச என்கிற சிங்கள ஆள் வந்து, என் காம்பராவின் பழைய தகரத்தைக் கழற்றிப் பின்னால் அடுக்கிவிட்டு, பச்சைச் சாயம் அடித்த புதுத்தகரத்தை மாட்டினார். சுவருக்கு வெள்ளையும் அடித்தார்கள். கமராவுக்குத் தெரிகிற மட்டும்தான் வெள்ளை. பாதிச் சுவரில் கோடு கிழித்த மாதிரி நிறுத்திவிட்டார்கள். வாசலில் இரண்டு பூச்சட்டி வைத்தார்கள். மகள் வேடத்துக்குச் சண்முகவடிவைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். நெறியாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்பனுக்கும் மகளுக்கும் முகச்சாடை ஒத்து வரவில்லை என்று தள்ளிவிட்டார். என் மகளாக நடிக்க டிஸ்பென்சரி டாக்டரய்யாவின் பெண்சாதி ஜெயமலர் வந்தார். பேரனாக நடிக்க அவருடைய கொழுகொழுப் பிள்ளை வந்தது. என் பேரன் இருமுகிறானாம். நலன்புரிப் படத்தில் இருமல் சத்தம் கூடாதாம். வீட்டுக்குள் ஆட்கள் இருந்தால் வீடு மாதிரியே தெரியாது, வெளியே போய் இருக்கச் சொல்லுங்கோ என்றும் நெறியாளர் கேட்டார். சண்முகவடிவு அசையவில்லை. அடுப்படியில் ஒரு சாக்குத் திரையைத் தொங்கவிட்டு அவளையும் பிள்ளையையும் அதற்குப் பின்னால் வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் நல்ல மழை பிடித்தது. தகரத்தின் மேல் கொட்டு அடிக்கிற சத்தம். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. சண்முகவடிவு தரையில் சாக்கு விரித்து, அதன்மேல் சேலையை மடித்துப் போட்டு, பிள்ளையைக் கிடத்தினாள். கிடத்தியபிறகு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாள் மடக்கியே வைத்திருந்த கை நீட்ட வரவில்லை.

பிறகு நாலைந்து நாளைக்கு வெயிலே இல்லை. வெயில் இல்லாமல் படம் எடுக்க முடியாதாம். நெறியாளர் பங்களாவில் துரையோடு உட்கார்ந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் வானத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். மழை பெய்யட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. பிள்ளையின் நெஞ்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

பியதாசவுக்குத் தேத்தண்ணி கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் அரைத்தமிழில் சொன்னார்.

“இந்தத் தகரம் நல்ல தகரம் ஐயே. ரொம்பத் தோட்டம் பாத்தது. படம் முடிஞ்சா கழட்டி மஸ்கெலியா கொண்டு போறது.”

“எப்ப முடியும்?”

“எங்க பெரிய மாத்தயா ‘நன்று’ சொன்னா முடிஞ்சது. ‘நன்று’ சொன்னா நான் ஸ்பானர் எடுக்கிறது.”

ஓர் அரசாங்கத்துக்கு ஒரே கூரை. அது லொறியில் ஏறித் தோட்டம் தோட்டமாகப் போய் எல்லாருக்கும் நலன் செய்துகொண்டிருந்தது.

சண்முகவடிவிடம் சொன்னேன். அவள் பிள்ளையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

“அப்ப அந்தாளு ‘நன்று’ சொல்லாம நீங்கதான் பாத்துக்கணும்.”

“நான் என்னம்மா செய்யிறது?”

“ஒண்ணும் செய்யாதீங்கப்பா. எப்பவும் போல மூஞ்சிய வச்சுக்கிட்டு இருங்க. யாருக்கும் நல்லதுன்னு சொல்லத் தோணாது.”

மறுநாள் பார்த்து வெயில் அடித்தது. வாசலில் கமரா. பக்கத்தில் வெள்ளித்தாள் ஒட்டிய பலகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். பின்னால் மலையில் அம்மாக்கண்ணுவும் மற்றப் பெண்களும் கொழுந்து எடுக்க வேண்டும். நான் காம்பராவுக்குள் நின்று மேலே பார்க்க வேண்டும். நெறியாளர் புனல் மாதிரி ஒரு குழலை வாயில் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து கத்தினார். காற்று முன்பாதியைத் தின்றுவிட்டது. பின்பாதி மட்டும் என் காதில் விழுந்தது. படு.

நான் தரையைப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. படுத்துவிட்டேன்.

அவர் ஓடி வந்தார்.

“ஏனப்பா படுத்தனீர்?”

“ஐயாதான் படுன்னு சொன்னீங்க.”

“நான் ‘தொழிற்படு’ எண்டனான். வேலையைத் தொடங்கும் எண்டு அர்த்தம்.”

“வேலை தொடங்குற நேரத்துல படுக்கச் சொல்றாரேன்னு நானும் யோசிச்சேங்க.”

அது வேண்டுமென்று செய்ததில்லை. அடுத்து நடந்ததும் அப்படித்தான். இரண்டாம் தடவை அவர் “தொழிற்படு” என்றார். நான் நின்றேன். ஜெயமலரின் பிள்ளை என் மீசையைப் பார்த்து வீறிட்டது. உடனே அவர் குழலில் “வெட்டு” என்றார்.

வெட்டு என்றால் தோட்டத்தில் ஒரே அர்த்தம்தான். பெரட்டுக்குப் பிந்தி வந்தாலோ, கொழுந்து குறைந்தாலோ, எதிர்த்துப் பேசினாலோ, கணக்கப்பிள்ளை வெட்டு என்பார். அன்றைய செக்ரோலில், அதாவது கூலிக் கணக்கில், பேர் போய்விடும். பேர் போனபிறகு மலையில் நிற்பது வீண். கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். நான் ஏற்கெனவே வீட்டில் இருந்ததால் வெளியே வந்தேன். மலையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் கூடையோடு இறங்கி வந்தார்கள். அம்மாக்கண்ணு முன்னால் வந்தாள்.

“எடுக்கச் சொன்னீங்க, எடுத்தோம். சிரிக்கச் சொன்னீங்க, சிரிச்சோம். எதுக்கு நரியாளு ஐயா பேர வெட்டுறீங்க?”

“பேரை இல்லையம்மா. படத்தை வெட்டுறன்.”

“படத்த வெட்டுங்க, வேணாங்கல. எங்க பேரு இருக்கா?”

இருக்கிறது என்று செல்லசாமி சொன்னார். வாயால் சொன்னால் ஆகாது, எழுதினதைக் காட்டுங்கள் என்றார்கள். காட்டினால் படிக்கத் தெரியாது, படித்துக் காட்டுங்கள் என்றார்கள். அவர் ஒவ்வொரு பேராகப் படித்து முடிப்பதற்குள் பனி இறங்கி மலை மறைந்துவிட்டது. அன்றைய வெயில் அதோடு சரி.

வேறு சொல் கேட்டு நெறியாளர் கொழும்புக்குத் தந்தி அடித்தார். சபையின் சொற்குழு கூடித்தான் சொல்லை மாற்றலாம், குழுவின் தலைவர் விடுமுறையில் இருக்கிறார், அதுவரை வெட்டே செல்லும் என்று பதில் வந்தது. ஆகையால் அன்றிலிருந்து, நெறியாளர் “வெட்டு” என்றதும், பின்னாலேயே செல்லசாமி மலையைப் பார்த்து “யாரு பேரும் இல்லே” என்று கத்துவார். வெட்டியது யாருடைய பேரையும் இல்லை என்று அர்த்தம். இப்படி ஒவ்வொரு தடவையும் இரண்டு சத்தம். துரையின் நாய்கூடப் பழகிவிட்டது. முதல் சத்தத்துக்குக் குரைக்கும், இரண்டாம் சத்தத்துக்குப் படுத்துக்கொள்ளும்.

இந்தக் குழப்பத்தில் நான் ஒன்றைக் கண்டுகொண்டேன். இவர்கள் என்னை மடையன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அது எனக்குத் தோதாக இருந்தது.

நெறியாளர் என்னைத் திருத்த ஆரம்பித்தார். நடிகனோடு எப்படிப் பழக வேண்டும் என்று சபை ஒரு புத்தகமே போட்டிருந்தது. அதில் உள்ள முறைகளை ஒவ்வொன்றாக என்மேல் பிரயோகித்துப் பார்த்தார். முதலில் என்னை உட்கார வைத்து விளக்கம் சொன்னார்.

“நீர் இப்ப ஆர்?”

“சோலைமலைங்க.”

“இல்லை. நீர் சோலைமலை இல்லை. நீர் முத்தையா எண்ட ஒரு தோட்டத் தொழிலாளி.”

“நானும் தோட்டத் தொழிலாளிதானுங்க.”

“அதை மறவும். நீர் தோட்டத் தொழிலாளி எண்டதை மறந்தால்தான் தோட்டத் தொழிலாளியாய் நடிக்கலாம். முத்தையாவுக்கு ஒரு மகள். அந்த மகளுக்கு ஒரு பிள்ளை. அவையள் நனையக் கூடாது எண்டு அவருக்குக் கவலை. இந்தக் கவலை உமக்கு விளங்குதோ?”

திரைக்குப் பின்னால் சண்முகவடிவு இருமுகிற மாதிரிச் சிரித்தாள். எனக்கு விளங்கவில்லை என்றேன். கற்பனை செய்து பாரும் என்றார். பார்க்கிறேன் என்றேன். அன்று முழுக்க நான் கூரையைப் பார்த்தேன், அவர் வெட்டு என்றார், செல்லசாமி யாரு பேரும் இல்லே என்றார்.

மறுநாள் முறை மாறியது. என் வாழ்நாளில் மிகச் சந்தோஷமான நாளை நினைத்துக்கொள்ள வேண்டுமாம். அந்த நினைப்பு தானாக முகத்தில் வந்துவிடுமாம்.

“எந்த நாளை நினைக்கிறீர்?”

“இந்தத் தகரம் மாட்டுன நாளுங்க.”

அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. “பார்த்தீரோ. அதையே நினையும்.”

“நெனச்சா, அடுத்தாப்புல கழட்டுற நாளு வந்துருதுங்க.”

“அதை நினையாதேயும்.”

“நான் நெனக்கலீங்க. அதுவா வருது.”

பிறகு அவரே நடித்துக் காட்டினார். என் தலைத்துண்டை வாங்கிக் கட்டிக்கொண்டு, சாக்கில் குந்தி, கூரையை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். நன்றாகத்தான் சிரித்தார். தன் வீட்டில் கூரை உள்ளவன் எப்படிச் சிரிப்பான் என்பதை அன்றைக்குப் பார்த்தேன். அவரையே வைத்து எடுத்துவிட்டால் என்ன என்று ஜெயமலர் கேட்டார். தோட்டத்துப் பெண் வேடத்துக்காக அவர் என்னால் தினமும் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது, அந்தக் கோபம். உண்மையான தொழிலாளியை வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது சபையின் விதி என்று நெறியாளர் சொல்லிவிட்டார். எனக்குப் போன உயிர் வந்தது.

அடுத்து தோழமை முறை. நெறியாளர் நடிகனோடு நடிகனாகப் பழக வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததாம். என் காம்பராவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சண்முகவடிவு சுட்ட ரொட்டியைச் சம்பலோடு சாப்பிட்டார். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரோடேயே, உம்மட கஷ்டத்தை ஒளிக்காமல் எனக்குச் சொல்லும் என்றார். நானும் சொன்னேன். பழைய கூரையைச் சொன்னேன். மூன்று துரைமாரைச் சொன்னேன். கம்பளியைச் சொன்னேன். பிள்ளையின் நெஞ்சில் கேட்ட சத்தத்தை வாயால் செய்து காட்டினேன். இப்போது அந்தச் சத்தம் குறைந்திருப்பதையும் சொன்னேன். அவர் உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்டார். அதை நான் மறுக்க மாட்டேன்.

“அருமை,” என்றார். “இந்த வேதனையை உள்ளுக்கை வைச்சிரும். முகத்தில மட்டும் காட்டாதேயும்.”

“ஐயா, இந்தத் தகரத்த விட்டுட்டுப் போயிருங்க. நாள் பூரா சிரிக்கிறேன்.”

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். எனக்கு விளங்கும்படி மெதுவாகப் பேசினார்.

“நீர் பிழையாய் விளங்கியிருக்கிறீர். இது படத்துக்குரிய கூரை. வீட்டுக்குரிய கூரை இல்லை. கூரை ஒழுகுறதைப் பற்றி நான் ஒண்டும் செய்யேலாது. அது வேற பகுதி. கூரை ஒழுகாததைப் பற்றிப் படம் எடுக்கத்தான் என்னை அனுப்பியிருக்கினம். ஒழுகாத கூரையை நான் ஒரு தோட்டத்துக்குக் குடுத்திட்டால், மற்றத் தோட்டங்கள் ஒழுகேல்லை எண்டு எப்படிக் காட்டுறது? யோசிச்சுப் பாரும்.”

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

இதற்கிடையே துரை பங்களாவில் விஸ்கி தீர்ந்துகொண்டு வந்தது. செல்லசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“யோவ் சோலமல, ஒழுங்காச் சிரிச்சுத் தொலையேன். ஒன்னால நான் தெனமும் மலையப் பாத்துக் கத்திக்கிட்டு இருக்கேன். எம் பொண்டாட்டி தூக்கத்துல எழுப்புறா, யாரு பேரும் இல்லேன்னு கத்துறேனாம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை ஐயா, வந்தால் சிரிக்க மாட்டேனா என்றேன். அது பொய்யில்லை. பல்லைக் காட்டு என்றால் காட்டினேன். அது சிரிப்பு இல்லை, பல்வலி மாதிரி இருக்கிறது என்று நெறியாளர் சொன்னார். உதட்டை மட்டும் விரி என்றால் விரித்தேன். அதைப் பார்த்துக் கொழுகொழுப் பிள்ளை மறுபடியும் அழுதது.

கடைசியில் கொழும்பிலிருந்து சபைத் தலைவரின் கடுதாசி வந்தது. நெறியாளர்கள் நடிகர்களோடு அதிகம் பேசுவதாகச் சபைக்குத் தெரிய வந்திருக்கிறது, இனிமேல் பேசாமல் இருக்கும் முறையைக் கைக்கொள்ளவும் என்று அதில் இருந்ததாம். அன்று காலையில் நெறியாளர் வந்தார். குழலைக் காணோம். “தொழிற்படு” என்றும் சொல்லவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டார். கமராக்காரர் கமராவை மூடிய துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போலத் துடைக்கிறார் என்று நினைத்தேன். ஜெயமலர் சுவரில் சாய்ந்திருந்தார், அவர் பிள்ளை தோளில் தூங்கிப்போயிருந்தது. எல்லாரும் சோர்ந்துவிட்டார்கள், இன்றைக்கு வேலை இல்லை என்று நான் சாக்கில் உட்கார்ந்தேன்.

அப்போது திரைக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. முதலில் சேவல் குஞ்சு ஏதோ உள்ளே வந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பவும் கேட்டது. பிள்ளை சிரிக்கிறது. வாய்விட்டு, கெக்கெக்கே என்று. பிறந்ததிலிருந்து அதன் நெஞ்சுக்குள் சிரிப்புக்கு இடமே இருந்ததில்லை. மூச்சுக்கே இடம் போதாது. இப்போது சாக்கு இழுக்கிற சத்தம் இல்லை. வெறும் சிரிப்பு. சண்முகவடிவு உள்ளேயிருந்து, “அப்பா, கேட்டீங்களா?” என்றாள்.

நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன்.

“நன்று,” என்றார் நெறியாளர்.

ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அன்று சம்பல் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

“இதுதான். இதைத்தான் நான் இவ்வளவு நாளும் கேட்டனான். எங்கேயிருந்து கொண்டு வந்தனீர்? இதை நான் அறிக்கையில எழுதுவன். நெறியாளர் சும்மா இருந்தால் நடிகனுக்குத் தானாய் நடிப்பு வரும் எண்டு.”

‘இனி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை’ என்ற வசனம் வேண்டாமா என்று கேட்டேன். எப்படியாவது இன்னும் ஒரு நாள் இழுக்கலாம் என்ற எண்ணம். அதைக் கொழும்பில் வேறு ஆளின் குரலில் சேர்த்துக்கொள்வார்களாம். அதற்கு நான் தேவை இல்லையாம். அதற்குள் கூரைமேல் காலடிச் சத்தம் கேட்டது. பியதாச ஸ்பானரோடு ஏறிவிட்டார். பாவம், அவர் என்னைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கழற்றிய தகரங்களை வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, லொறியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். பழைய தகரத்தைத் திரும்ப மாட்டுவது தோட்டத்து வேலை, ஆப்பீசில் சொல்லுங்கள் என்றார்கள். பிள்ளை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நேரே போய், ஏற்றியது போக மிச்சம் கிடந்த ஒரே தகரத்தின்மேல் படுத்துக்கொண்டேன்.

நெறியாளர் முதலில் நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று பயந்துபோனார். நான் கண்ணைத் திறந்திருப்பதைப் பார்த்ததும் எழும்பும் என்றார். எழும்பவில்லை. செல்லசாமி என் தோளைப் பிடித்து இழுத்தார். அம்மாக்கண்ணு வந்து என் கால்மாட்டில், அதே தகரத்தில், வெற்றிலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சண்முகவடிவு பிள்ளையோடு வாசலுக்கு வந்தாள். உம்மட தகப்பனை எழும்பச் சொல்லும் என்று நெறியாளர் அவளிடம் சொன்னார்.

“நீங்கதானுங்க அவரப் படுன்னு சொன்னீங்க,” என்றாள். “இன்னும் வெட்டுன்னு சொல்லலியே.”

நெறியாளர் மழை மேகத்தைப் பார்த்தார். லொறியைப் பார்த்தார்.

“வெட்டு,” என்றார்.

“யாரு பேரும் இல்லே,” என்றார் செல்லசாமி. வாய்க்குப் பழகிப்போய்த் தானாக வந்துவிட்டது.

“அப்ப எம் பேரும் இல்லீங்க,” என்று நான் படுத்தே கிடந்தேன்.

மழை இறங்கியது. கமராவைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடினார். லொறிக்காரன் பாதை சறுக்கும் என்று ஹார்னை அடித்தான். நெறியாளர் குடைக்குள் நின்று கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தது போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு தகரம், நடிப்பின்போது பழுதடைந்தது என்று எழுதிக்கொள்ளும்படி யாரிடமோ சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பூச்சட்டிகளை மறக்காமல் எடுத்துப் போனார்கள்.

அந்த ஒரு தகரத்தைப் பிள்ளை கிடக்கிற மூலைக்கு மேலே சாய்த்துக் கட்டினேன். மற்ற இடமெல்லாம் திறந்த வானம்.

பழைய தகரத்தை மாட்டித் தரச் சொல்லி ஆப்பீசுக்குப் போனேன். செல்லசாமி உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவர் முகம் என்னைப் பார்க்கவில்லை.

“ஒன் கூரையில ஒழுக்கு இல்லேன்னு கவர்மெண்டே படம் புடிச்சு வச்சிருக்காம். அதுக்கு மேல ஒனக்கு என்னா வேணுமாம்.”

நானே ஏறி மாட்டினேன். ஓட்டை எங்கெங்கே என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஓட்டை ஓட்டைதான்.

ஆடி முடிகிற சமயத்தில் சபையின் லொறி திரும்பவும் வந்தது. தகரத்தைத் திருப்பிக் கேட்க வந்துவிட்டார்கள் என்று சண்முகவடிவு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவர்களுக்கு வேண்டியது தகரம் இல்லை. நான். மஸ்கெலியாவில் ஒரு கிழவனுக்குச் சிரிப்பு வரவில்லையாம். சொல்லிப் பார்த்தார்கள், நடித்துக் காட்டினார்கள், பேசாமலும் இருந்து பார்த்தார்கள். எதுவும் நடக்கவில்லை. நல்லாய் நடித்த ஒரு நடிகனைக் கொண்டு மற்ற நடிகனுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று சபையில் ஒரு புது முறை ஏற்படுத்தியிருந்தார்கள். அதற்கு என் பெயரை நெறியாளரே எழுதிக் கொடுத்தாராம்.

போனேன். அந்த லயத்தில் ஒரே ஒரு காம்பராவுக்கு மட்டும் பச்சைக் கூரை இருந்தது. பாதிச் சுவர் வெள்ளை. அதே பூச்சட்டி. உள்ளே அழகுமுத்து என்று ஒருவர், என் வயதுதான் இருக்கும், சாக்கில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், கூரையின் ஓர் ஓரத்தில் ஒரு தகரத்தளவு இடைவெளி. கமராவுக்குத் தெரியாத பக்கம். அதன் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியின் நீளமும் அகலமும் எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் நான் என் வீட்டில் சாய்த்துக் கட்டியிருக்கிறேன். அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தேன்.

நனையாத பக்கத்தில், ஒரு கயிற்றுக் கட்டிலில், அவர் மனைவி சுருண்டு படுத்திருந்தாள். சீக்காளி என்று பார்த்ததுமே தெரிந்தது.

நெறியாளர் என்னைக் கண்டதும் மகிழ்ந்துபோனார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார்.

“இவருக்கு உம்மட அனுபவத்தைச் சொல்லிக்குடும். நடிகனுக்கும் நடிகனுக்கும் இடையில நான் வரமாட்டன்.”

நான் அழகுமுத்துவின் காதோரம் குனிந்தேன்.

“ஐயா, சிரிச்சிராதீங்க,” என்றேன். “சிரிச்சா கழட்டிருவாங்க. மறந்தும் அந்தக் கூரையப் பாத்துச் சந்தோஷப்பட்டுறாதீங்க. நான் அப்பிடித்தான் கெட்டேன்.”

அவர் கட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தலையை அசைத்தாரா இல்லையா என்று சொல்ல முடியாது, அவ்வளவு சின்ன அசைவு.

நெறியாளர் நல்ல நம்பிக்கையோடு தூரத்துக்குப் போய்க் குழலை வாயில் வைத்தார். காற்று அங்கேயும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

“தொழிற்படு.”

அழகுமுத்து அவசரப்படவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, சொட்டு விழாத பக்கமாகத் தலையை வைத்து, மெதுவாகப் படுத்துக்கொண்டார்.